உழக்குத் தேவைக்கு மூட்டை விலையா?

அளந்து கொடுப்பதும் அளவுக்கேற்ப விலை கொள்வதுமே வணிகத்தின் அறம். உழக்கு அரிசி கேட்பவனுக்கு உழக்கும், மூட்டை கேட்பவனுக்கு மூட்டையும் கொடுத்து, அதனதற்குரிய விலையை வாங்குபவனே வணிகன். மொத்தமாய் வாங்குவோர்க்குச் சற்றுக் குறைத்துக் கொடுப்பதும் உண்டு. அதனை எவரும் பிழையென்னார். ஆயின், ‘இங்கே உழக்கு விற்பதில்லை, மூட்டைக்குரிய விலையைக் கொடு, உனக்கு வேண்டிய உழக்கை எடுத்துக்கொள், எஞ்சியது இருபத்தெட்டாம் நாள் எனக்கே திரும்பிவிடும்’ என்று ஒரு கடைக்காரன் சொல்வானாயின், ஊரார் அவனை என்ன சொல்வர்? அவன் கடைப்பக்கம் தலைவைத்துப் படுப்பரோ?

ஆனால், இதே வணிகம் நாள்தோறும் நடக்கிறது. கோடிக்கணக்கான மக்கள் வாய்திறவாமல் அதற்கு விலை கொடுத்துக்கொண்டும் இருக்கின்றனர். அதுதான் கைப்பேசி வணிகம்.

கைப்பேசியைப் பேசுவதற்காக வைத்திருப்போர் ஒருவகை. பிறர் தம்மை அழைப்பதற்காக மட்டுமே வைத்திருப்போர் மற்றொரு வகை. திருப்பூரில் ஆலைவேலை செய்யும் மகன் ஞாயிறுதோறும் அழைப்பான் என்று பொத்தான் பேசியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் தாய், களத்துமேட்டில் இரவுக் காவலிருக்கும் முதியவர், அறுவடைக்கு ஆள் தேவையென்றால் அழைப்பு வரும் என்று காத்திருக்கும் உழைப்பாளி ஆகியோர் இரண்டாம் வகையினர். திரைப்படம் பார்ப்பதற்கோ, படம் அனுப்புவதற்கோ, மணிக்கணக்காய் உரையாடுவதற்கோ அவர்களுக்குக் கைப்பேசி தேவையில்லை. ஒரு திங்களில் அவர்கள் பேசுவது அரைமணி நேரம் இருந்தால் மிகுதி. நாடு முழுமையிலும் பொத்தான் பேசியை வைத்திருப்போர் மட்டும் ஏறத்தாழ 15 கோடிப் பேர் என்பது, 2024ஆம் ஆண்டு இறுதியில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் எடுத்துக்காட்டிய அளவு. சிறுபான்மை என்று ஒதுக்கிவிடத்தக்க தொகையன்று அது.

குறைவாய்ப் பேசுவோர் கூடுதலாய்க் கொடுக்கும் கணக்கு

2024 சூலையில் ஏர்டெல் நிறுவனம் தன் கட்டணங்களை உயர்த்தியபோது, 28 நாளுக்கு அதன் அடிப்படைக் கட்டணம் 199 உருபா ஆயிற்று. அளவற்ற பேச்சும் கொஞ்சம் இணையமும் அதனுள் அடக்கம். அதனை ஒரு தாளில் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பேசுகின்ற ஒருவர் 28 நாளில் 3,360 மணித்துளி பேசுவார்; அவருக்கு ஒரு மணித்துளி ஏறத்தாழ 6 காசு. அந்த 28 நாளில் 30 மணித்துளி மட்டுமே பேசுகின்ற ஒரு தாய்க்கு, ஒரு மணித்துளி 6 உருபா 63 காசு. ஒரே கடை, ஒரே சரக்கு, விலையோ நூறு மடங்குக்கும் மேற்பட்ட ஏற்றத்தாழ்வு. அதுவும் யாருக்கு ஏற்றம்? இல்லாதவர்க்கு ஏற்றம், இருப்பவர்க்குத் தாழ்வு.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். 28 நாள் என்பது திங்கள் அன்று. பன்னிரண்டு திங்களுக்குப் பன்னிரண்டு முறை கட்டினால் போதும் என்று எண்ணுவோர், ஆண்டின் முடிவில் பதின்மூன்று முறை கட்டியிருப்பர். பதின்மூன்று முறை 199 உருபா என்றால் 2,587 உருபா. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் திங்களுக்கு 1,200 உருபாவாக உயர்த்தப்பட்டது. அத்தொகையை மட்டுமே நம்பி வாழும் மூதாட்டி ஒருவர், தம் மகன் குரலைக் கேட்பதற்காக மட்டும் இரண்டு திங்கள் உதவித்தொகைக்கும் மேலாகக் கொடுத்தல் வேண்டும். இவ் இருபத்தெட்டு நாள் கணக்கைப் பற்றி முறையீடுகள் எழுந்தமையாலேயே, 30 நாளுக்கான திட்டங்களையும், திங்கள்தோறும் அதே நாளில் புதுப்பிக்கத்தக்க திட்டங்களையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருத்தல் வேண்டும் என்று ஆணையம் 2022 சனவரியில் ஆணையிட்டது. ஆணை வந்தது, ஆயினும் கடைகளில் இருபத்தெட்டே முதலில் நீட்டப்படுகிறது.

இந்நிலை வந்த கரணியம்

இது தொடக்கந்தொட்டு இருந்த நிலையன்று. 1995 சூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் சோதிபாசு, தில்லியிலிருந்த நடுவணமைச்சர் சுக்ராமுடன் பேசி, இந்தியாவில் கைப்பேசிப் பேச்சைத் தொடங்கிவைத்தார். அந்நாளில் அழைப்பவரும் கட்டணம் செலுத்தினார், அழைக்கப்பட்டவரும் செலுத்தினார். 2003 மே முதல், அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. கைப்பேசி எளியோர் கைக்கு வந்தது அதன்பின்னரே. 2005ஆம் ஆண்டின் இறுதியில், ஒருமுறை ஏறத்தாழ ஆயிரம் உருபா செலுத்தினால் வாழ்நாள் முழுமையும் அழைப்புகள் வந்துகொண்டேயிருக்கும் என்னும் திட்டங்களும் விற்கப்பட்டன. அழைத்துவிட்டு, மறுமுனையில் எடுக்குமுன் துண்டித்துவிடும் வழக்கமும் அக்காலத்தில்தான் வேரூன்றிற்று. காசில்லாதவன் காசுள்ளவனுக்குத் தெரிவிக்கும் குறிப்பாக அது இருந்தது.

வரும் அழைப்பைப் பெறுவோரை நிறுவனங்கள் அந்நாளில் ஏன் பொறுத்துக்கொண்டன? அருள் மிகுந்தமையால் அன்று. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைத்தால், அழைப்பு எங்கிருந்து புறப்பட்டதோ அந்நிறுவனம், அழைப்பு எங்கே சென்று சேர்ந்ததோ அந்நிறுவனத்துக்கு மணித்துளிக்கு இவ்வளவு என்று கொடுத்தல் வேண்டும். 2009இல் அது 20 காசு. 2015இல் 14 காசு. 2017 அக்டோபரில் 6 காசு. 2021 சனவரி முதல் நாளிலிருந்து ஒன்றுமில்லை. ஆகவே, அழைப்பைப் பெறுகின்ற மூதாட்டியும் முன்னாளில் தம் நிறுவனத்துக்குச் சிறிது வருவாய் ஈட்டித் தந்தவரே. அவ்வருவாய் குறையத் தொடங்கியதும், நேற்றுவரை வாடிக்கையாளராயிருந்தவர் இன்று சுமையாய்த் தோன்றினார். 2016 செப்டம்பரில் சியோ களத்தில் இறங்கியபின் எழுந்த விலைப்போரில் வருவாயிழந்த நிறுவனங்கள், 2018ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு புதுமுறையைப் புகுத்தின. 28 நாளுக்கு ஒருமுறை 35 உருபாவேனும் நிரப்பாவிட்டால், பேசவும் இயலாது. சிறிது நாளில் அழைப்பைப் பெறவும் இயலாது என்பதே அது. ஏர்டெல்லின் அந்த முப்பத்தைந்து, பின்னர் 2021இல் எழுபத்தொன்பதும் தொண்ணூற்றொன்பதுமாகி, 2023இல் நூற்றைம்பத்தைந்தாகி, 2024இல் நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றது. ஆறாண்டுக்குள் ஐந்தரை மடங்குக்கும் மேலான ஏற்றம்.

முன்னே விற்கப்பட்டது பேச்சு. இப்பொழுது விற்கப்படுவது நாள். முன்னே பேசாதவனுக்குச் செலவில்லை. இப்பொழுது பேசினாலும் பேசாவிட்டாலும் நாள் கழிகிறது, காசும் கழிகிறது. இவ்வணிகத்தின் அடிப்படை மாற்றம் இதுவே. இதனை உணராமல் விலையேற்றத்தை மட்டும் நொந்துகொள்வதிற் பயனில்லை.

ஆணை கொடுத்ததும் கொடாததும்

2024 திசம்பர் 23ஆம் நாள் ஆணையம் ஒரு திருத்தம் வெளியிட்டது. இணையம் வேண்டாதவர் தலையில் இணையத்தைக் கட்டலாகாது. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டுமே கொண்ட திட்டம் ஒன்றேனும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருத்தல் வேண்டும். 90 நாளாக இருந்த சிறப்புத் திட்டங்களின் உச்ச எல்லை 365 நாளாக விரிக்கப்படும் என்பன அதன் சாரம். இது பாராட்டத்தக்கது.

ஆணைக்கிணங்க 2025 சனவரியில் புதிய திட்டங்கள் வந்தன. ஏர்டெல் முதலில் 84 நாளுக்கு 499 உருபா, 365 நாளுக்கு 1,959 உருபா என அறிவித்து, சில நாள்களுக்குள் அவற்றை 469, 1,849 எனக் குறைத்தது. சியோ 84 நாளுக்கு 458, 365 நாளுக்கு 1,958 என அறிவித்து, பின்னர் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748 என மாற்றியது. எதிர்ப்பெழுந்த சில நாளுக்குள் ஆண்டுத் திட்டத்தில் நூறு உருபாவுக்கும் மேல் குறைக்க முடிந்ததென்றால், முதலில் சொன்ன விலை எதனை அடிப்படையாகக் கொண்டது என்று கேட்கத் தோன்றாதோ?

அந்த ஆணையால் ஓரளவு நன்மை விளைந்தது உண்மையே. ஆண்டுக்கு 2,587 உருபா கொடுத்தவர் 1,849 உருபா கொடுத்தால் 738 உருபா மிஞ்சும். ஆயின், அதற்குமுன் ஏர்டெல்லில் 24 அளவைக் கூறு இணையத்தையும் சேர்த்து ஓராண்டுக்கு 1,999 உருபா என்னும் திட்டம் இருந்தது. இணையம் முழுவதையும் நீக்கியபின் குறைந்தது 150 உருபா மட்டுமே. 84 நாள் திட்டத்தில் குறைந்தது 40 உருபா. மூட்டையிலிருந்து ஒருபிடி அள்ளிவிட்டு, ‘இதோ உழக்கு’ என்று காட்டியது போன்றதே இது. பேச்சு இன்னும் ‘அளவற்றது’ என்றே விற்கப்படுகிறது. அளவற்ற பேச்சைக் கேட்டவர் யார்? குறைவாய்ப் பேசுவோர் கேட்டது அளந்த பேச்சை அன்றோ?

மற்றொரு குறையும் இதில் உண்டு. நாளொன்றுக்கு 5 உருபா 7 காசு என்று கணக்குப் பார்த்தால் ஆண்டுத் திட்டம் மலிவு. ஆயின், 1,849 உருபாவை ஒரே முறையிற் கட்டக்கூடிய கை எது? அன்றாடங்காய்ச்சியின் கையன்று. அவர் 199 உருபாவைத் தேடிப்பிடித்து 28 நாளுக்கு ஒருமுறை கட்டுவார். நாளொன்றுக்கு 7 உருபா 11 காசு கொடுப்பார். மொத்தமாய்க் கட்ட இயலாத வறுமைக்கே இங்குத் தண்டம்.

‘நாளொன்றுக்கு ஏழு உருபா ஒரு குவளைத் தேநீர் விலைகூட இல்லையே’ என்பாரும் உளர். தேநீர் குடித்தவனே தேநீருக்குக் காசு கொடுக்கிறான்; குடியாதவன் வீட்டுக் கதவைத் தட்டி எவனும் காசு கேட்பதில்லை. ‘கோபுரம் நிறுவவும் அலைக்கற்றை வாங்கவும் ஆகும் செலவை யார் ஏற்பது?’ என்பாரும் உளர். அக்கேள்வி ஞாயமானதே. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் இணைப்பைக் காக்கச் செலவாகும், அதற்கென ஒரு சிறு நிலைக்கட்டணம் வாங்கட்டும், எவரும் மறுக்கார். ஆயின், நிலைக்கட்டணம் என்னும் பெயரில் அளவற்ற பேச்சின் முழுவிலையையும் அவர் தலையில் ஏற்றுவதே முறைகேடு.

‘வேண்டாதவர் கைப்பேசியை விட்டுவிடலாமே’ என்று இறுதியாய்ச் சொல்வர். விட்டுவிட முடியுமா? வங்கியில் பணம் எடுத்தால் செய்தி அதில் வருகிறது. ஒருமுறைக் கடவெண் அதில் வருகிறது. எரிவளி உருளை பதிவதும் அதில். குடும்ப அட்டையோடும் அவ்வெண்ணே இணைந்திருக்கிறது. அரசும் வங்கியும் எண்ணைக் கேட்டபின் அது விருப்பப்பொருளாய் இராது. அவ்வெண் பறிபோனால் விளையும் தீங்கும் சிறிதன்று. துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழிந்தபின் வேறொருவர்க்கு ஒதுக்கப்படலாம் என்பதை 2023 நவம்பரில் உச்சநீதிமன்றமும் பதிவுசெய்தது. மூதாட்டியின் வங்கிச் செய்தி முன்பின் அறியாத ஒருவர் கைக்குப் போய்ச்சேரும் நிலை அது.

அவ்வாறு துண்டிக்கப்படப் போகிறது என்னும் எச்சரிக்கையாவது அவருக்குப் புரியும் மொழியில் வருகிறதா? பலருக்கு அது ஆங்கிலத்தில் வருகிறது. வாணிகக் குப்பைச் செய்திகளோடு கலந்து வருகிறது. தமிழ் மட்டுமே அறிந்தவரிடம் காசு வாங்கத் தெரிந்த நிறுவனத்துக்கு, அவரிடம் தமிழில் ஒரு வரி சொல்லத் தெரியாமற் போவது எங்ஙனம்?

வீட்டார் செய்யத்தக்கவை

ஆணையம் கட்டணத்தை வரையறுப்பதில்லை. நிறுவனங்களே வகுத்து ஆணையத்துக்குத் தெரிவிக்கின்றன. ஆகையால், முறை மாறும்வரை தம்மைக் காத்துக்கொள்ளும் வழியை மக்களே அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, விலையைப் பார்க்குமுன் நாளைப் பார்த்தல். கேட்ட விலையை நாள் எண்ணிக்கையால் வகுத்து, ஒருநாள் விலை என்னவென்று கண்டபின்பே பணம் எடுக்க வேண்டும். 336 நாள் ஓராண்டு அன்று. 28 நாள் ஒரு திங்கள் அன்று.

இரண்டாவது, பெயர் சொல்லிக் கேட்டல். கடையில் ‘ரீசார்ச்சு’ என்று மட்டும் சொன்னால் இணையத்தோடு கூடிய திட்டமே கிடைக்கும். ‘பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம்’ என்று அழுத்திக் கேட்க வேண்டும். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், நிரப்பும் நாளன்று எல்லா நிறுவனங்களின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

மூன்றாவது, கருவியையும் இடத்தையும் அறிதல். பழைய இரண்டாம் தலைமுறைப் பொத்தான் பேசியில் சியோ இணைப்பு இயங்காது. அந்நிறுவனம் 2023 சூலையில் 999 உருபாவுக்கு ஒரு பொத்தான் பேசியும், அதற்கென 28 நாளுக்கு 123 உருபாத் திட்டமும் கொணர்ந்தது. ஆயின் அவ்விலை அக்கருவியோடு பிணைக்கப்பட்டது. அரசு நிறுவனமாகிய பி.எசு.என்.எல். கட்டணங்கள் தனியார் கட்டணங்களினும் குறைந்திருப்பது வழக்கம். ஆயினும், வீட்டுக்குள்ளும் வயலிலும் அதன் அலை எட்டுகிறதா என்று ஊரில் அதனை வைத்திருப்போரிடம் கேட்டறிந்தபின்பே மாறுதல் வேண்டும். எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் உரிமை 2011 சனவரியிலிருந்து நாடு முழுமைக்கும் உண்டு. 1900 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி அதனைத் தொடங்கலாம்.

நான்காவது, எண்ணைக் காத்தல். முன்பண இணைப்பொன்றை 90 நாள் பயன்படுத்தாமலிருந்தாலன்றிப் பயன்பாடின்மையைக் காட்டித் துண்டிக்கலாகாது. கணக்கில் 20 உருபா இருப்பு இருந்தால் அப்பொழுதும் துண்டிக்கலாகாது. துண்டித்தபின்னும் மீட்டுக்கொள்ள 15 நாள் உண்டு என்று ஆணையம் 2013இல் நெறி வகுத்திருக்கிறது. இது எண்ணைக் காப்பதற்கான நெறி; நாள் முடிந்த திட்டத்தின் பேச்சு வாய்ப்பை இது திரும்பத் தாராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏமாறலாகாது. ஓர் எண்ணை விட்டுவிடுவதென்று துணிந்தால், வங்கியிலும் குடும்ப அட்டையிலும் புதிய எண்ணைப் பதிந்தபின்பே விடுதல் வேண்டும். குறையிருப்பின் 198ஐ அழைத்து முறையிட்டு, முறையீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, மக்கள் கடமை. பொங்கலுக்குப் பெற்றோர்க்குப் புத்தாடை எடுத்துக் கொடுக்கும் மகனும் மகளும், அதனோடு ஓராண்டுக்கான கைப்பேசிக் கட்டணத்தையும் கட்டிவிட்டு, முடியும் நாளைச் சுவர் நாள்காட்டியில் பெரிதாய் எழுதிவைப்பாராக. ஒரே முறையிற் கட்ட இயலாத முதியவர்க்கு ஆண்டுத் திட்டத்தின் மலிவு இவ்வழியாலேனும் எட்டும்.

ஆயினும், இவை ஒழுகும் கூரையின்கீழ் வைக்கும் ஏனங்களே; கூரையை வேய்தலே வேண்டுவது. ஓராண்டு முழுமையும் அழைப்பும் குறுஞ்செய்தியும் தடையின்றி வந்துசேர ஒரு சிறு நிலைக்கட்டணம். தாம் அழைத்துப் பேசினால் பேசிய நொடிக்கு மட்டும் விலை. அந்நிலைக்கட்டணத்தையும் திங்கள் திங்களாய்க் கூடுதற் சுமையின்றிக் கட்டும் வாய்ப்பு. நாள் முடியுமுன் தமிழில் குரல்வழி எச்சரிக்கை. இந்நான்கையும் கொண்ட திட்டம் ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் வைத்தே தீர வேண்டும் என்று ஆணையம் நெறி வகுத்தல் வேண்டும். இணையத்தை நீக்கிய திட்டம் வேண்டும் என்று ஆணையிட முடிந்த ஆணையத்துக்கு, அளந்த பேச்சுத் திட்டம் வேண்டும் என்று ஆணையிடவும் முடியும். ஆணையம் கருத்துக் கேட்கும்போதெல்லாம் நிறுவனங்கள் பக்கம் பக்கமாய் எழுதியனுப்புகின்றன. பொத்தான் பேசி வைத்திருக்கும் மூதாட்டிக்காக எழுதுவோர் எத்தனைப் பேர்? படித்தோர் எழுத வேண்டும். ஊர்தோறும் கையெழுத்துப் பெற்று அனுப்ப வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரைக் கேட்க வேண்டும்.

குறைவாய்ப் பேசுவோர்க்காகப் பேசுவது மிகுதியாய்ப் பேசத் தெரிந்தோரின் கடன். உழக்கு கேட்டவர்க்கு உழக்கு கிடைக்கும் நாள்வரை அக்கடன் தீராது.